நூற்றெண்பத்தொரு நாள் வீடு

ஏப்ரல் மாதம் வந்தால் எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். மார்ச் கடைசி வாரத்தின் ஓட்டம் முடிந்து, உடம்பு அந்தக் களைப்பிலிருந்து எழுந்திருக்காத நேரத்தில், அடுத்த வருடத்துப் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் படியேறி வருவார்கள். என் ஆபீஸ் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற ஒற்றை அறை. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பது என் பிழைப்பு. நான் ஆடிட்டர் இல்லை. ஆடிட்டர் கேட்கிற ஃபீஸைக் கொடுக்க முடியாதவர்கள் வருகிற இடம் என்னுடையது.

பிரெஞ்சுக்காரர்கள் என்னிடம் வர ஆரம்பித்ததற்கு என் பிரெஞ்சுதான் காரணம். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பம் எங்களுடையது. வீட்டில் ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பி.காம் சேர்ந்த அன்று வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், "தமிழ் எடுக்காதடி, பிரெஞ்சு எடு, மார்க்க அள்ளிப் போடுவாங்க" என்றாள். எடுத்தேன். அள்ளித்தான் போட்டார்கள். அந்த மார்க்குப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு, பென்ஷன் வாங்கிக்கொண்டு இந்த ஊரில் வந்து தங்கிவிட்ட பத்துப் பன்னிரண்டு வயதானவர்களுக்கு நான் வரி ஆலோசகர் ஆகிவிட்டேன்.

அவர்களில் ஒரு தம்பதியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். கணவரை முசியே என்று கூப்பிடுவேன். அவர் என்னை மதாம் என்பார். அவர் பேசியதெல்லாம் பிரெஞ்சில். எனக்குப் புரிந்த அளவில் தமிழில் சொல்கிறேன்.

முசியே பிரான்ஸில் பாலம் கட்டுகிற கம்பெனி ஒன்றில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஒரு ரொட்டிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர். பதினொரு வருடங்களுக்கு முன்னால் இங்கே வந்தார்கள். கடற்கரையை ஒட்டிய தெருக்களின் வாடகை அவர்கள் பென்ஷனுக்கு எட்டாது. உழவர்கரையில் ஒரு காலனியில் மாடி வீடு எடுத்தார்கள். முதல் தடவை என் அறைக்கு வந்தபோது முசியே கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை நாள் இருந்தால் உங்கள் அரசாங்கம் என்னை இங்கே வசிப்பவன் என்று எடுத்துக்கொள்ளும்?"

"வருடத்துக்கு நூற்று எண்பத்திரண்டு நாள். அதைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. காலம் முழுக்க அளந்தே பிழைத்த மனிதர். திட்டமாக ஒரு எண் கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம். அன்று முதல் நூற்றெண்பத்தொரு நாள் இங்கே, மீதி நாள் அவர்களுடைய ஊரில் ஒரு சின்ன ஃபிளாட்டில். இங்கே வாடகை மட்டும் பன்னிரண்டு மாதத்துக்கும் கொடுத்தார்கள்.

வரி கட்ட அவர் பயப்படவில்லை. அந்த ஊரில் ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். அவர் பயந்தது தெரியாமல் தப்புச் செய்துவிடுவோமோ என்று. இங்கே வசிப்பவர் என்று ஆகிவிட்டால் உலகத்தில் எங்கே என்ன இருந்தாலும் சொல்ல வேண்டும். அந்தச் சின்ன ஃபிளாட், சேமிப்புக் கணக்கு, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம். ஒன்றை விட்டாலும் அபராதம், அதுவும் சின்ன அபராதம் இல்லை. இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது, இரண்டு இடத்திலும் கட்ட வேண்டாம் என்பார்கள். எந்தப் பென்ஷனை எந்த நாடு எடுத்துக்கொள்ளும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். விமானம் இறங்குகிற நாளும் ஏறுகிற நாளும் கணக்கில் சேருமா என்பதற்கே ஊருக்கு ஊர் தீர்ப்பு வேறு. "ரெண்டையும் சேர்த்தே எண்ணுங்கள், எதற்கும் சேஃப் சைடு" என்று சொல்லி வைத்தேன். என் கடையில் அதிகம் விலைபோகிற சரக்கு அந்த சேஃப் சைடுதான்.

பல வருடம் இப்படியே போயிற்று. அக்டோபர் பிறந்தால் வருவார்கள், மார்ச் கடைசியில் கிளம்புவார்கள். போவதற்கு முன்னால் என் அறைக்கு வந்து, பாஸ்போர்ட்டைக் காட்டி, எண்ணிக்கை சரி என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தம்மா எனக்குப் பூச்சரம் வாங்கி வருவார். எனக்குத் தலையில் வைக்கிற பழக்கம் இல்லை என்று சொல்ல மனம் வராமல் மேஜை மேல் வைத்துக்கொள்வேன்.

பிறகு அந்தம்மாவுக்கு மறதி வந்தது. முதலில் பேர்கள், அப்புறம் சாவி, அப்புறம் கிழமை. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாராம். பழகின வீட்டில் பழகின வழிகளில் இருக்கிறவரை ஓட்டிவிடலாம், இடம் மாற்றாதீர்கள் என்று. இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு மார்ச் மாதத்தில். முசியே தனியாக என்னிடம் வந்தார்.

"அவளுக்கு இந்த வீடு நன்றாகத் தெரிகிறது. காலையில் தானே கீழே இறங்கிப் பால் வாங்கி வருகிறாள். பிரான்ஸில் அந்த ஃபிளாட்டில் குளியலறை எங்கே என்று போன தடவையே தெரியவில்லை. மதாம், இந்த வருடம் நாங்கள் போகாமல் இருக்க வழி உண்டா? முழு வருடமும் இங்கே இருந்தால் என்ன ஆகும்?"

அந்த வீடு தெரிந்திருக்கும்போதே மனைவியை அதில் வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி. அந்த மனிதருக்கு அதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. எனக்கு அது புரிந்தது. புரிந்தும், அன்று தலைக்கு மேல் வேலை. இரண்டு பேருக்குப் போன் போட்டேன். எனக்குப் பழக்கமான ஓய்வுபெற்ற வரி அதிகாரி, "தாராளமா இருக்கட்டும்மா, ஒப்பந்தம் இருக்குதே, அவனுங்க ஊர்ல கட்டினா போதும்" என்றார். சென்னையில் ஒரு ஆடிட்டர், "ஐயோ, வெளிநாட்டுச் சொத்து இருக்குதுன்றீங்க, மாட்டிக்கினா முடிஞ்சுது, மொதல்ல கிளம்பச் சொல்லுங்க" என்றார். இதற்கிடையில் சட்டத்தையே புதிதாக எழுதப் போகிறார்கள் என்று பேச்சு வேறு.

நான் ஒன்பது வருடம் வேலை பார்த்த சீனியர் ஆடிட்டர் இருக்கிறார். கூப்பிடு தூரத்தில்தான் அவர் ஆபீஸ். அவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வெள்ளைக்காரர் கேஸ் என்றால் என்னிடம் அனுப்பச் சொல்லி ஊரில் பேசிக்கொள்கிற அளவுக்கு வந்தபிறகு, நூற்று எண்பத்திரண்டு நாள் கணக்கை அவரிடம் போய்க் கேட்பதற்கு எனக்கு ரோஷமாக இருந்தது.

"கிளம்பிவிடுங்கள், முசியே. எதற்கும் சேஃப் சைடு" என்றேன்.

போனார்கள். அக்டோபரில் திரும்பி வந்தபோது அந்தம்மாவுக்கு வீடு பிடிபட ஒரு மாதம் ஆயிற்று என்றார். ஆனால் பிடிபட்டுவிட்டது, மறுபடி பால் வாங்கப் போகிறாள் என்று சந்தோஷமாகச் சொன்னார். அடுத்த தடவை பிப்ரவரி பத்தாம் தேதியே கிளம்பினார்கள். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். "நாள்களை மிச்சம் பிடிக்கிறேன். இப்போதே போய்விட்டால் ஆகஸ்டிலேயே அவளைக் கூட்டி வந்துவிடலாம். அந்த ஊரில் இருக்கும்போது அழுகிறாள்" என்றார். சரி என்று தலையாட்டினேன். வாசலில் நாலு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் பதினைந்து வந்து இறங்கினார்கள். இந்தத் தடவை அந்தம்மாவுக்கு வீடு பிடிபடவே இல்லை.

போன ஏப்ரலில் முசியே ஒரு பாரத்துடன் படியேறி வந்தார். பேங்கில் கொடுத்த பாரம். நீங்கள் எந்த நாட்டில் வரி செலுத்த வேண்டியவர் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள். கூடவே அந்தம்மாவும் வந்திருந்தார். தனியாக விட முடியாதாம். ஆள் இளைத்திருந்தார். மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவர்கள் உட்கார்கிற மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை.

"ஜூன் கடைசிக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. நாள் கணக்கு எல்லாம் சரியாக இருக்கிறது" என்று முசியே போன வருடக் காலண்டர் ஒன்றை என் முன்னால் விரித்தார். அவர் ஊரில் தீயணைப்பு வீரர்கள் வருடா வருடம் வீடு வீடாக வந்து கொடுப்பார்களாம். இங்கே இருந்த ஒவ்வொரு நாளையும் பென்சிலால் கோடு போட்டு அடித்திருந்தார். ஜனவரி ஒன்று முதல் பிப்ரவரி பத்து வரை நாற்பத்தொன்று. ஆகஸ்ட் பதினைந்து முதல் டிசம்பர் முப்பத்தொன்று வரை நூற்று முப்பத்தொன்பது. கீழே கூட்டி, வட்டம் போட்டு, நூற்று எண்பது என்று எழுதியிருந்தார்.

பாஸ்போர்ட்டைக் கேட்டேன்.

அவர் ஊரில் வரி வருடம் ஜனவரியில் பிறந்து டிசம்பரில் முடிகிறது. எங்கள் பிழைப்பில் வருடம் என்றாலே ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவது. அது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி பழகிப்போனதால் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொல்லவில்லை. அக்டோபரில் வந்து மார்ச்சில் போனவரை எப்படி எண்ணினாலும் ஒரே கணக்குத்தான், அதனால் தெரியவும் இல்லை. இப்போது பாஸ்போர்ட்டை வாங்கி ஏப்ரல் முதல் எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். இருநூற்று இருபத்தொன்பது நாள். பிப்ரவரியில் பெண்டாட்டியை அழ அழக் கூட்டிக்கொண்டு போய் மிச்சம் பிடித்த நாள்கள் முந்தின வருடத்துக் கணக்கில் போய் விழுந்திருந்தன. அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அவரை உட்கார வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் சீனியருக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை ரோஷம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"சார், ஒரு பிரெஞ்சுக்காரர். போன வருஷம் எரநூத்தி இருபத்தொம்போது நாள் தங்கிட்டாரு. வெளிநாட்ல வீடு, சேவிங்ஸ் எல்லாம் இருக்குது. ஒண்ணும் காட்டல. இப்ப இன்னா பண்றது?"

"அதுக்கு முன்னாடி பத்து வருஷம் எப்படி?"

"எல்லா வருஷமும் நூத்தி எண்பத்திரெண்டுக்கு உள்ளதான் சார்."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா பதர்ற? பத்துல ஒம்போது வருஷம் வெளியாள்னா, உள்ள வந்தாலும் அரைக் குடிதான். அவரோட வெளிநாட்டு வருமானத்துல கைய வெக்க மாட்டாங்க. பென்ஷன் அங்க பேங்க்லதான வுழுது?"

"ஆமா சார்."

"அப்ப முடிஞ்சுது. இந்த வருஷமும் முழுசா இருந்துட்டுப் போவட்டும், அப்பவும் ஒண்ணும் ஆவாது. மூணாவது வருஷந்தான் பாக்கணும். ஏம்மா, எங்கிட்ட இருந்தப்ப துபாய்லேர்ந்து திரும்பி வந்தவங்களுக்கு எத்தன பேருக்கு இத நீயே போட்டிருக்க?"

போட்டிருக்கிறேன். இந்த ஊரில் துணிக்கடையும் பாத்திரக்கடையும் வைத்திருக்கிற முஸ்லிம் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ குவைத்திலோ இருந்துவிட்டு வருவார். வந்ததும் இரண்டு வருடத்துக்கு இந்தச் சலுகை உண்டு. எத்தனை கணக்கு என் கையால் போட்டேன் என்று எனக்கே தெரியாது. அது ஊருக்குத் திரும்பி வருகிற நம் ஆட்களுக்கு உண்டான சலுகை என்று என் மண்டையில் பதிந்துவிட்டது. சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. பத்து வருடம் எங்கே இருந்தாய் என்றுதான் கேட்கிறது, எங்கே பிறந்தாய் என்று கேட்கவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒன்றை, எதிரே வெள்ளைத் தோல் உட்கார்ந்திருந்ததால் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

உள்ளே போய் முசியேவிடம் சொன்னேன். ஒளிக்கவில்லை. ஒளிக்கலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஜூனில் போக வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

அவர் காலண்டரை மடித்தார். "அப்படியென்றால் போன பிப்ரவரியில் நாங்கள் போயிருக்க வேண்டாம்."

"வேண்டாம்."

"அதற்கு முந்தின மார்ச்? நான் உங்களைக் கேட்டேனே, அப்போது?"

"அப்போதும் வேண்டாம், முசியே. அன்றைக்கே இரண்டு வருடம் முழுதாக இருந்திருக்கலாம். தப்பு என்னுடையது."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், அப்புறம் பேங்க் பாரத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "நீங்களே வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லுங்கள். போக வேண்டாம் என்று. நான் சொன்னால் நம்ப மாட்டாள். தினமும் காலையில் கிளம்பலாம் என்கிறாள்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வண்டியை நிறுத்தும்போதே கீழ் வீட்டம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். வீட்டின் சொந்தக்காரர் அவர்தான். "நல்ல வேள வந்தீங்க. காலைலேர்ந்து ஷூவ மாட்டிக்கினு ஒக்காந்துக்கினு இருக்காங்கம்மா. டெய்லி இப்படித்தான். அவரு பாவம், கழட்டி வுடறாரு, அது மறுபடி மாட்டிக்குது. முன்ன எங்கிட்ட எவ்ளோ பேசும் தெரியுமா? தமிழ்லயே பேசும், பாதி புரியாது, ஆனா பேசும்" என்றார். மேலே போய்விட்டு இறங்கும்போது தன் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

அந்தம்மா சோபாவில் உட்கார்ந்திருந்தார். ஷூ, கைப்பை, கழுத்தில் ஒரு துப்பட்டா. முசியே எனக்கு நாற்காலி போட்டுவிட்டு ஜன்னல் ஓரம் நின்றார். நான் அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, என் மார்க்குப் பிரெஞ்சில், வரும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். "மதாம், நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். அரசாங்கம் ஒன்றும் சொல்லாது. உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்."

அவருக்குப் புரிந்தது. கண்ணெல்லாம் சிரிப்பு. என் கையை அழுத்தினார். கணவரைப் பார்த்து, "கேட்டாயா? வீட்டுக்குப் போகலாமாம்" என்றார். அப்புறம் என்னிடம் ரகசியம் சொல்கிற மாதிரி குனிந்தார். "இவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் இது எங்கள் வீடு இல்லை."

"உங்கள் வீடு எப்படி இருக்கும், மதாம்?" என்று கேட்டேன். பிரான்ஸில் இருக்கிற ஃபிளாட்டைச் சொல்வார், கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தேன்.

"மாடியில். தண்ணீர் மோட்டாருக்கு சுவிட்ச் கதவுக்குப் பின்னால் இருக்கும். காலையில் நான்தான் போடுவேன். தொட்டி நிரம்பினால் கீழே இருக்கிற அம்மா கத்துவாள்." அந்தக் கத்தலை மட்டும் தமிழில் சொன்னார், கீழ் வீட்டம்மாவின் ராகத்திலேயே. "'தண்ணீ... நிறுத்து!' உடனே ஓடிப்போய் நிறுத்துவேன். அவள் கைதட்டுவாள். அங்கே போக வேண்டும். என்னை ரொம்ப நாளாக அங்கே கூட்டிப் போகவில்லை."

நான் கதவைப் பார்த்தேன். பாதி சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால் சுவரில் சுவிட்ச் இருந்தது. முசியேவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகஸ்ட் முதல் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள்" என்றார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. "பிரான்ஸைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். எந்த வீடு என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை."

எனக்கு அழுகை வந்தது. அடுத்தவர் வீட்டில் அழக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தம்மா எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தன்னைக் கூட்டிப் போகச் சொல்லி வாசல்படியில் போய் நின்றார். முசியே அவர் பின்னாலேயே போனார். தோளில் கை வைத்து நிறுத்திவிட்டு, வரி சம்பந்தமாகக் கேட்கிற அதே மரியாதையான குரலில் என்னைக் கேட்டார்.

"சொல்லுங்கள், மதாம். இவளை எந்தப் பக்கமாகக் கூட்டிப் போவது?"